கொண்டுவந்தவர் காளியன்

அரூர்,
29-8-1944, செவ்வாய்

பட்டாளத்தில் எங்கேயோ இருக்கும் அண்ணன் ராஜப்பனுக்கு, அரூரில் வைத்த இடத்திலேயே இருக்கும் தங்கை சாலம்மாள் எழுதிக்கொள்வது. அப்பா, அம்மா, நான், செவலை மாடு, அதன் கன்று எல்லாரும் தேவ கிருபையால் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் போனவன் இன்னும் ஒரு கார்டு போடவில்லை. உனக்குக் கையில் சுளுக்கு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சுளுக்கு மூன்று மாசமா இருக்கும் என்று கேட்கிறாள். பட்டாளத்துச் சுளுக்கு அப்படித்தான், அதற்கும் மேலதிகாரி உத்தரவு வந்தால்தான் போகும் என்று சொன்னேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் சென்சார் துரை பிரித்துப் படிப்பார் என்று தபால்காரர் ஆண்டி சொன்னார். அவருக்கும் என் வணக்கம். யார் யார் வீட்டுக் கதையையோ நாள் முழுக்கப் படிக்கிற மனுஷர், தலையும் வாலும் புரியாமல் திண்டாடக் கூடாது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் அவருக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

துரை அவர்களே, எங்கள் தாத்தா பேர் தாவீது பார்க்கர். எதிர் வீட்டு மாரப்பன் சித்தப்பாவின் அப்பா பேர் பவுல் பார்க்கர். இரண்டு பேரும் தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்து, மிஷன் அனாதை விடுதியில் வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் பார்க்கர் என்று ஒரே பட்டம் இருப்பதால் அண்ணன் தம்பி. ஆக நாங்கள் இரண்டு வீடும் பங்காளிகள். அவர்கள் வீட்டில் சாவு என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் களத்தில் அடித்த கேழ்வரகில் முதல் முறம் அவர்கள் வீட்டுக்குத்தான். இப்படி இருக்கையில் என் அண்ணன் மே மாதக் கடைசியில் லீவில் வந்து, மாரப்பன் சித்தப்பாவின் ஒரே மகள் சென்னம்மாளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சாப்பாட்டு நடுவில் சொன்னான். தங்கச்சி முறை ஆகிறவளை! அப்பா பாதிக் களியில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். சித்தப்பா வாசலில் நின்று, இனி அவன் இந்தத் தெருவில் நடக்கவே கூடாது என்றார். அண்ணன் மிச்சம் இருந்த பதினோரு நாள் லீவையும் விட்டுவிட்டுச் சேலம் பஸ் ஏறினான். லீவும் கேட்கமாட்டேன், ஊருக்கும் வரமாட்டேன் என்று படிக்கட்டில் நின்று என்னிடம் மட்டும் சொன்னான். இவ்வளவுதான், துரை. இனி நான் அண்ணனிடம் பேசுகிறேன்.

அண்ணா, மனசைப் பிடித்துக்கொண்டு படி. சென்னம்மாளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி தவறிப்போனவர். நல்ல மாதிரி என்கிறார்கள். மீசையை மட்டும் பார்த்தால் அதைக்கொண்டு வாசல் பெருக்கலாம் போலிருக்கிறது. முந்தாநாள் ஞாயிறு கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு, இன்னும் இரண்டு ஓலை. யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். சென்னம்மாள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பாட்டுக் கூட்டத்தில் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். வாய் திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நிற்கிறவளுக்குத்தானே அது தெரியும்.

இனி என் சங்கதி. மாவட்டத்துப் பெரிய போதகர் ஐயர் நம் கோயிலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டுப் பலகையில் இருந்த எண்ணை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். அவர் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைய, சபை மொத்தமும் எழுந்து நின்று பிரேத அடக்கப் பாட்டை உருக்கமாகப் பாடியது. மூன்றாம் சரணம் வரைக்கும் யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. அந்த யாரோ நான்தான் என்று நம் போதகர் ஐயர் விசாரணையே இல்லாமல் கண்டுபிடித்தார். அடிக்கவில்லை. "அடக்கத்தில் உனக்கு அவ்வளவு ஆசையா? அப்படியானால் அடக்கப் புத்தகத்தையே எழுது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோயிலின் பின்னறைப் பெட்டியில் மெதடிஸ்து மிஷன் வந்த நாள்முதல் எழுதிய புத்தகங்கள் கிடக்கின்றன. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் புத்தகம், அடக்கமானவர்கள் புத்தகம், அனாதை விடுதியில் சேர்ந்தவர்கள் புத்தகம். கரையான் பிள்ளையார்சுழி போட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டது. அது முடிப்பதற்குள் நான் மூன்றையும் புது நோட்டில் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் தினம் இரண்டு மணி நேரம். முதல் வாரம் ஐயரை மனசுக்குள் எத்தனை பேர் சொல்லித் திட்டினேன் என்பதை எழுதினால் சென்சார் துரை மையால் அடிக்கும்படி ஆகும், எழுதவில்லை.

அடக்கப் புத்தகத்தில் தாது வருஷப் பக்கங்கள் வந்ததும் திட்டுவதை விட்டுவிட்டேன். ஒரே நாளில் ஒன்பது பேர், பதினோரு பேர். பாதிப் பேருக்குப் பேர் இல்லை. "ஒரு கிழவன்." "ஒரு ஸ்திரீ, கைக்குழந்தையோடு." பேருக்குப் பதில் எண். நம் கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம் எண் செதுக்கின குட்டைக் கற்கள் உண்டே, அந்த எண்கள்தான்.

விடுதிப் புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியல். இடது பக்கம் பிள்ளைகளின் பேர். வலது பக்கம் சீமையிலிருந்து அந்தந்தப் பிள்ளைக்குச் சோறும் துணியும் அனுப்புகிறவர்களின் பேர். எந்த அம்மாள் ஆதரிக்கிறாளோ அவள் பேரையே ஞானஸ்நானத்தில் பிள்ளையின் பேருக்குப் பின்னால் சேர்த்துவிடுகிறார்கள். அதில் பார்க்கர் என்று ஓர் அம்மாள். நம்மை ஒருநாளும் பார்க்காத பார்க்கர். அவளுக்கு எழுதியிருப்பது இரண்டு பையன்கள், தாவீதும் பவுலும். அண்ணா, ஒரே அம்மாளின் சோற்றைத் தின்றதால்தான் ஒரே பட்டம். ஒரே வயிற்றில் பிறந்ததால் இல்லை.

உடனே சேர்க்கைப் பக்கத்தைத் தேடினேன். இங்கிலீஷில் இருந்ததை அப்படியே தமிழில் எழுதுகிறேன். "எண் 112. காளியன், வயது 9. ஊர் கம்பைநல்லூர். தகப்பன் சின்னன், தாய் ராமக்கா, இருவரும் மரித்தார்கள். ஞானஸ்நானப் பேர் தாவீது." அதற்குக் கீழே, "எண் 113. பேர் தெரியாது, குள்ளன் என்று அழைக்கிறோம். வயது 3 இருக்கலாம். ஊர் தெரியாது, சித்தேரி மலையாராக இருக்கலாம், கழுத்தில் பாசிமணி. ஞானஸ்நானப் பேர் பவுல்." ஒவ்வொரு பிள்ளைக்கும் "கொண்டுவந்தவர்" என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் அதில் உபதேசியார், போலீசார், மணியக்காரர் என்று இருக்கிறது. நூற்றுப்பதின்மூன்றாம் பிள்ளைக்கு மட்டும் "மேற்படி காளியன்" என்று இருக்கிறது.

ஓரத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பொடி எழுத்தில் தமிழில் எழுதியிருக்கிறார். "இப்பிள்ளை தனக்கு யாதொரு உறவும் இல்லை என்று காளியன் சொல்லுகிறான். சாலையில் செத்துக்கிடந்த ஸ்திரீயின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தபடியால் முதுகில் எடுத்துவந்தானாம். இரண்டு நாள் நடை. அவன் காட்டின இடத்துக்குப் போய் ஸ்திரீயை எடுத்துவந்து அடக்கம் பண்ணினோம். அடக்க எண் 41."

படித்ததும் குதித்து எழுந்தேன். நாம் பங்காளி இல்லை, சென்னம்மாள் உனக்குத் தங்கச்சி இல்லை. வாசற்படி தாண்டுவதற்குள் கால் நின்றுவிட்டது. மாரப்பன் சித்தப்பாவுக்கு மனைவி இல்லை, உடன் பிறந்தவர் இல்லை. அவருக்கு இருக்கிற சொந்தமெல்லாம் எதிர் வீட்டு நாம்தான். சந்தையில் யாராவது அவரை ஒரு வார்த்தை சொன்னால், எனக்கு அண்ணன் வூடு இருக்குதுய்யா என்று மார்பைத் தட்டுகிறவர். அவரிடம் போய், உங்கள் அப்பாவுக்கு ஊர் இல்லை, பேர் இல்லை, நாங்கள் உங்களுக்கு யாரும் இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வது? எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறேன், எல்லாம் மிளகாய்ப் பொடியால். இப்படி அழவைத்ததில்லை.

உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்றால் இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் சென்னம்மாள் பாப்பாரப்பட்டியில் களி கிண்டிக்கொண்டிருப்பாள். ஆகவே நாளைக்கு அப்பாவிடம் சொல்லப்போகிறேன். எனக்காக ஜெபம் பண்ணு. சண்டைக்கு நடுவில் நேரம் இருந்தால்.

உன் அன்பான குரங்கு,
சாலம்மாள்


அரூர்,
12-9-1944, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு சாலம்மாள் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. ஸ்தோத்திரம் சும்மா வழக்கத்துக்குப் போட்டதில்லை. இந்தத் தடவை நிஜமாகவே போட்டிருக்கிறேன்.

முதலில் அப்பாவிடம் என் நகலைக் காட்டினேன். இங்கிலீஷை நான் சொல்ல, ஓரத்துத் தமிழை அப்பா வரி விடாமல் படித்தார். படித்துவிட்டு, "இது உன் கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஐயர் கையெழுத்தைப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு என்று நான் பலகையில் ஒட்டினது போன வருஷம்தானே. பழைய புத்தகத்தை வந்து பாருங்கள் என்று பின்னாலேயே போனேன். அண்ணனுக்காக இந்த அளவுக்குப் போவாயா, செத்தவர்களை விட்டுவிடு என்றார். நான் இதுவரை சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக வந்து என் உண்மைக்கு முன்னால் நின்றுகொண்டன.

ஞாயிறு வந்தது. ஐயர் இரண்டாம் ஓலையை வாசித்தார். இதற்குத் தடை சொல்ல நியாயம் அறிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து நின்றேன். அண்ணா, சபை சிரித்தது. முன்வரிசைக் குழந்தைகள் திரும்பிப் பார்த்து, நான் என்ன வேடிக்கை காட்டப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.  அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். நான் உட்காரவில்லை. எனக்கு ஒரு நியாயம் தெரியும், அது பின்னறைப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னேன். ஐயர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் என்னைப் பின்னறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பழைய புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்தார். ஜன்னலண்டை கொண்டுபோய் இன்னொரு தரம் படித்தார். அந்தப் பொடி எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார், புது மையா என்று. பிறகு, இதில் உன் பேச்சு ஒரு வார்த்தையும் இல்லையே என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாவையும் மாரப்பன் சித்தப்பாவையும் வரச்சொன்னார். இங்கிலீஷ் வரிகளை ஐயரே சொன்னார். ஓரத்துத் தமிழைச் சித்தப்பா தானே படிப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "யாதொரு உறவும் இல்லை" என்ற இடத்தில் விரல் நின்றது. அப்பா அவர் தோளில் கையை வைத்தார். அது எவனோ எழுதினது மாரா, நீ விடு என்று அப்பா சொல்ல, சித்தப்பா கேட்காதவர் மாதிரி மேலே படித்துக்கொண்டு போனார். கடைசி வரி முடிந்ததும் கல்யாணத்தைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. நாற்பத்தொன்று எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வேலியோரம் தாது வருஷ வரிசை. முப்பத்தெட்டு வரைக்கும் கல் இருந்தது. பிறகு நாற்பத்தைந்து. நடுவில் ஒன்றும் இல்லை. நானே வாயைத் திறந்து ஒப்புக்கொண்டேன். கில்லி விளையாட நீயும் நானும் கல் பிடுங்கினோமே, அந்தக் கற்கள். பாவத்தில் பாதி உன் பங்கு, எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் நெருஞ்சி முள்ளாக அங்கேயே முளைத்திருந்தால் தேவலை. நல்லவேளை, குழிக்குக் குழி நாலடி என்று புத்தகத்தில் இருந்தது. முப்பத்தெட்டிலிருந்து சித்தப்பா அடிமேல் அடி வைத்து அளந்தார். பன்னிரண்டாவது அடியில் நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு நம் தாத்தாக்கள் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு, மிச்சம் இருக்கிற சுண்ணாம்பை நாம் எங்கே கொட்டுவோம் என்று ஞாபகம் இருக்கிறதா? அந்த இடம்தான். காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. சித்தப்பா அதை நகத்தால் பெயர்த்துப் பெயர்த்து எடுத்துப் போட்டார். நானும் போய் உட்கார்ந்து முள் பிடுங்கினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கப்பாவுக்கு அம்மா மொகமே தெரியாதுன்னு சொல்லுவாரு, எடம் கூடத் தெரியாம போயிட்டாரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்பா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். புத்தகம் என்ன சொன்னாலும் நீ என் தம்பிதான், இந்தக் கல்யாணப் பேச்சை நான் எடுக்கமாட்டேன் என்றார். நம் அப்பா கெஞ்சி நான் பார்த்ததில்லை, அண்ணா. சித்தப்பா எழுந்து கையில் ஒட்டின மண்ணைத் தட்டினார்.

"ஒம்போது வயசுப் பையன், அவனுக்கே சோறு கெடையாது. அந்தப் பையன் எங்கப்பன ரெண்டு நாளு முதுவுல சொமந்தாந்திருக்கான். அந்த வூட்டுக்கு எம் பொண்ணு போவாம வேற எந்த வூட்டுக்குண்ணா போவும்?" என்றார்.

அப்பா அழுதார். ஐயர் புத்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பி நின்றார். நான் அழவில்லை. கண்ணில் சுண்ணாம்பு விழுந்துவிட்டது.

மறுநாளே சித்தப்பாவும் ஐயரும் பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள். எனக்கு அந்த வாத்தியாரை நினைத்துப் பயம். அவர் என் நகல் நோட்டை வாங்கி முழுக்கப் படித்தாராம். சிவப்பு மையால் இரண்டு இடத்தில் என் பிழையைத் திருத்தினாராம். நானும் ஒருத்தியை மண்ணில் வைத்துவிட்டு வந்தவன், இதற்கு மேல் நான் நடுவில் நிற்கக் கூடாது என்று சொல்லி இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாராம். அந்த மீசையைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதினதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முந்தாநாள் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வருகிறேன். உட்கார வைத்து எழுதச் சொன்ன ஐயருக்கு. நம்மைப் பார்க்காமலே சோறு போட்ட பார்க்கர் அம்மாளுக்கு. செத்தவர்களை எண்ணி மாளாத நாளில், ஓரத்தில் நாலு வரி அதிகமாக எழுதின அந்தக் குமாஸ்தாவுக்கு; அவர் பேர் எந்தப் பக்கத்திலும் இல்லை. எல்லாருக்கும் மேலே தாவீது தாத்தாவுக்கு. அவருக்கு ஒன்பது வயசில் நடந்தது மறந்திருக்காது. தம்பி இல்லை என்று தெரிந்தும் அறுபது வருஷம் தம்பி என்றே சொல்லிச் செத்துப்போனார். ஒரு பொய்யை இத்தனை நாள் காப்பாற்ற என்னால்கூட முடியாது.

அப்பா இப்போது ராத்திரி ஜெபத்தில் சின்னன், ராமக்கா என்று இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்கிறார். நமக்கும் ஒரு பாட்டன் பாட்டி கிடைத்திருக்கிறார்கள் பார். சித்தப்பா நாற்பத்தொன்றுக்குப் புதுக் கல் அடிக்கக் கொடுத்திருக்கிறார். பேர் தெரியாததால் "பவுலின் தாய்" என்று செதுக்கச் சொன்னார். அவரை இனி மாமா என்று கூப்பிட வேண்டுமாம். பதினைந்து வருஷம் சித்தப்பா என்று பழகின நாக்கு புரளமாட்டேன் என்கிறது. நேற்று சித்தமாமா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

சென்னம்மாள் ஞாயிற்றுக்கிழமை பாடினாள். என் காது அடைத்துப்போயிற்று. தபால் வந்ததா என்று மட்டும் அவள் கேட்கமாட்டாள். ஆண்டி வருகிற நேரம் பார்த்து நம் வீட்டுக்கு உப்புக் கடன் கேட்டு வருவாள். அவர்கள் வீட்டில் இப்போது ஒரு பானை உப்பு இருக்கும். கம்பைநல்லூரில் ஒரு வீட்டுக்குப் பட்டாளத்திலிருந்து தந்தி வந்ததிலிருந்து, ஆண்டி நம் தெருவில் நுழையும்போதே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிடுகிறார், ஒன்றும் இல்லை என்று. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.  அப்பா தினம் காலையில் தபாலாபீஸ் வழியாகத்தான் வயலுக்குப் போகிறார். வயல் அந்தப் பக்கம் இல்லை.

இதுதான் முக்கியம், அண்ணா. மாப்பிள்ளை ஊரில் இல்லாததால், ஓலை வாசிக்க உன் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்கிறார் ஐயர். அவர் புத்தகத்தைத் திறந்து உன் பேருக்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார். நீ பெரிய கடிதம் எழுத வேண்டாம். கோபம் தீர்ந்ததா என்று கேட்கமாட்டோம். எங்கே இருக்கிறாய், லீவு எப்போது என்று கேட்கமாட்டோம். சம்மதம் என்று ஒரு சொல், கீழே உன் கையெழுத்து, அது போதும். எழுத்துக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, இடது கையால் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஐயர் சொல்லிவிட்டார். நான்தான் கேட்டேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் கையெழுத்துக்காக வாசலில் நிற்கும் தங்கை,
சாலம்மாள்